எட்டு மணிக் கட்டம்

திங்கட்கிழமை காலை அவள் இரண்டாவது பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

அந்த ஐந்து மாடி வணிக வளாகத்தின் கழிப்பறைகளுக்கு அவள்தான் சூப்பர்வைசர். ஒவ்வொரு கழிப்பறை வாசலிலும் ஓர் அட்டை தொங்கும். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை மணிக்கு ஒரு கட்டமாகப் பன்னிரண்டு கட்டங்கள். சுத்தம் செய்தவர் அந்தந்த மணிக்குக் கையெழுத்துப் போடவேண்டும். யாரும் போட்டதில்லை. கையில் ஈர உறையை மாட்டிக்கொண்டு பேனாவை எங்கே பிடிப்பது? மத்தியானம் ஒரு நடை, கடை மூடும்போது ஒரு நடை என்று ஆறாறு கட்டங்களாக நிரப்பிவிடுவார்கள். அதிலும் ஒரு தொழில் சுத்தம் வேண்டும் என்று பதினொரு வருஷமாக எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் அவள்தான். இரண்டு பேனா வைத்துக்கொள். ஒரே நீலத்தில் ஆறு கட்டமும் போகக்கூடாது. மூன்றாவது கையெழுத்து கொஞ்சம் சாயட்டும், அவசரத்தில் போட்ட மாதிரி. ஐந்தாவதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழட்டும். கழிப்பறை சுத்தமாகத்தான் இருக்கும். தரையில் கிடக்கும் ஒரு முடிகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அட்டை மட்டும்தான் கட்டுக்கதை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் பௌத்தத்தின் ஐந்து சீலங்களை ஏற்கப்போகிறாள். கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, தவறான உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, மயக்கம் தருவதைத் தொடாமை. "அஞ்சுல நாலு உனக்கு ஏற்கெனவே பாஸ். கரப்பான்பூச்சிதான் பாக்கி" என்று வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன், சீலம் எடுக்கப்போகிற அந்தத் தியான மண்டபத்தைக் கழுவிவிடத்தான் அவள் முதன்முதலில் போனாள். ஈரம் காயும் வரை ஓரமாக உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷம். "அக்கா, இங்க கொஞ்சம் வா" என்று யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் துடைப்பம் இல்லாமல் போனாள்.

அங்கிருந்த பிக்குவுக்கு அவளைவிடப் பதினைந்து வயது குறைவு. எப்போதும் ஜலதோஷம். போன ஞாயிறு அவரிடம் கேட்டாள்.

"கையெழுத்துப் போடறது பேச்சுல சேருமா சாமி?"

"அதைப் பாக்கறவங்க என்ன நினைச்சுக்குவாங்க?"

"அந்த மணிக்குச் சுத்தம் பண்ணியிருக்காங்கன்னு."

"பண்ணியிருப்பீங்களா?"

"பண்ணியிருப்போம். அந்த மணிக்கு இல்ல."

அவர் தும்மினார். கைக்குட்டையை மடித்து வைத்தார். "அப்ப சேரும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் சொன்னார். "நான் ஒவ்வொண்ணா சொல்லுவேன். ஏத்துக்க முடிஞ்சதைத் திருப்பிச் சொல்லுங்க. முடியாத இடத்துல சும்மா இருந்துடுங்க, யாரும் கேக்கமாட்டாங்க. நாலு எடுத்தவங்க இருக்காங்க, ரெண்டு எடுத்தவங்களும் இருக்காங்க. சொல்லிட்டு மீறறதுக்கு அது எவ்வளவோ மேல்."

ஐந்துக்கு நாலு வாங்கவா இரண்டு வருஷம் தரையில் உட்கார்ந்தாள்? ஒரு வாரம் ஒத்திகை பார்ப்பது என்று முடிவு செய்தாள். நினைத்தபடி நடந்திருக்கும். குறுக்கே ஒருத்தி நின்றாள்.

மூன்றாவது மாடியைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயை மூடமாட்டாள். அவள் புருஷன் பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாகப் படுக்கையில் கிடந்தான். இரண்டு தெரு தள்ளி வீடு. மத்தியானம் இரண்டு மணிக்கு ஓடிப்போய் அவனைப் புரட்டிப்போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டு நான்கு மணிக்குள் திரும்பிவிடுவாள். கம்பெனிக்குத் தெரியாது. அனுமதி கொடுத்தது சூப்பர்வைசர். அந்த இரண்டு மணி நேரம் மூன்றாவது மாடியைத் தேய்த்ததும் சூப்பர்வைசர்தான். அட்டையில் மட்டும் ரேடியோவின் கையெழுத்து இருக்கும்.

"இனிமே செஞ்சப்பதான் கையெழுத்து. செய்யலன்னா கட்டம் காலியா இருக்கட்டும்" என்றாள் சூப்பர்வைசர்.

"என்னக்கா, காய்ச்சலா?"

"சத்தியம் எடுக்கப்போறேன்டி. பொய் கூடாது."

"நீ தாராளமா எடு. அதுக்கு என் அட்டை எதுக்கு விரதம் இருக்கணும்?"

"உன் ரெண்டு கட்டத்தை நான் செய்யறேன், நானே கையெழுத்தும் போட்டுடறேன்."

"அப்ப ரேடியோ எங்கன்னு கேப்பாங்களே?"

"கேக்கும்போது பாத்துக்கலாம்."

புதன்கிழமை மேனேஜர் அவளை நிறுத்தினான். முப்பது வயதுப் பையன். கோபப்படவும் தெரியாது, சிரிக்கவும் தெரியாது. "என்னக்கா, அஞ்சாவது மாடி அட்டை பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு?"

"அந்த மணிக்குச் செய்யல தம்பி. அதான்."

"செய்யலன்னா பரவாயில்லக்கா. கட்டம் ஏன் காலியா இருக்கு?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கழிப்பறைக்குப் போனாள். அருகில் நின்றிருந்த ரேடியோ, அடுத்தது தன் மாடி அட்டைதான் என்று கணக்குப் போட்டாள். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்ததுதான் ஆபத்து. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அக்காவையும் காப்பாற்றி, தன்னையும் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்து, மூன்றாவது மாடி அட்டையை ஒரே மூச்சில் நிரப்பினாள். ஒரே பேனா. ஒரே சாய்வு. இரவு எட்டு மணி வரை.

மேனேஜர் அந்த வழியாக ஒரு மணிக்குப் போனான். அட்டையைப் போனில் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினான். இரண்டரைக்கு ரேடியோவைத் தேடி வந்தான். ஆளில்லை. தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது சூப்பர்வைசர்.

"ராத்திரி எட்டு மணிக்குப் போடவேண்டிய கையெழுத்தை நான் மத்தியானம் ஒரு மணிக்கே பாத்தேன்க்கா. எங்க அவ?"

அவள் குழாயை மூடினாள். சத்தியம் நாளைக்குத்தான். இன்றைக்கு இன்னும் சனிக்கிழமை. விரதத்துக்கு முந்தின நாள் வயிறு முட்டச் சாப்பிடுவதில்லையா? கணக்கு சரியாகத்தான் வந்தது.

"கிடங்குக்கு அனுப்பியிருக்கேன். பினாயில் தீந்துபோச்சு."

"எப்ப வருவா?"

"அங்க கூட்டமா இருக்கும். நாலு ஆயிடும்."

"கையெழுத்து?"

"நான்தான் போடச் சொன்னேன். என் தப்பு."

வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன, சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரை மாதிரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மேனேஜர் தலையாட்டினான். நம்பிவிட்டான். அவள் மூச்சுவிட்டாள். அவன் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினான்.

"திங்கட்கிழமை தலைமை ஆபீஸ்லேர்ந்து மேடம் வர்றாங்க. படம் போயிடுச்சு, இனிமே என் கையில ஒண்ணும் இல்ல. ரெண்டு மணிக்கு அவ எங்க இருந்தான்னு உங்களைத்தான் கேப்பாங்க. இப்ப சொன்னீங்கல்ல, அதையே அங்கயும் சொல்லிடுங்க. வேலை நேரத்துல ஆள் வெளிய போனதா தெரிஞ்சா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

நான்கு மணிக்கு ரேடியோ வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். புருஷனுக்கு ஊட்டியது புறங்கையில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினாள்.

"எக்கா, அந்தச் சத்தியத்தை ஒரு நாள் தள்ளிப்போடேன். செவ்வாக்கிழமை எடுத்துக்கோயேன். சாமி வேணாம்னா சொல்லப்போறாரு?"

"பதினெட்டு பேர் கூட வர்றாங்கடி. வருஷத்துக்கு ஒரு தடவைதான்."

"அப்ப ஒரு வருஷம் தள்ளிப் போடு."

சொல்லிவிட்டு ரேடியோவே சிரித்தாள். பிறகு எழுந்து வாளியை நிமிர்த்தினாள். "விடுக்கா. நீ எனக்காகப் பொய் சொல்லணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? ஒன்றரை வருஷம் சொன்னதே பெருசு." அதற்குப் பிறகு கடை மூடும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கெஞ்சியிருக்கலாம், திட்டியிருக்கலாம். இரண்டுக்கும் சூப்பர்வைசரிடம் பதில் இருந்தது.

ஞாயிறு காலை மண்டபத்தில் பத்தொன்பது பேர், எல்லோரும் வெள்ளை உடையில். மண்டபம் என்பது டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. அவளுக்குப் பின்னால் சுவரோரமாக வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் அவள் பையும் செருப்பும். பிக்கு முதல் வரியைச் சொன்னார். பத்தொன்பது பேரும் திருப்பிச் சொன்னார்கள், ஜன்னல் அதிர்கிற மாதிரி. கொல்லமாட்டோம். இரண்டாவதற்கும் அதே சத்தம். மூன்றாவதில் யாரோ ஒருத்தர் தொண்டையைச் செருமினார், இருந்தாலும் சொன்னார்.

நான்காவது வரி வந்தது.

சத்தம் பாதியாகக் குறைந்தது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. தான் ஒருத்திதான் தயங்குவோம் என்று நினைத்திருந்தாள். ஏழெட்டுப் பேர் சொன்னார்கள், அதுவும் ஒன்றுசேராமல், முன்னும் பின்னுமாக. வக்கீல் ஒருத்தர் சொல்லவில்லை. வெள்ளைப் புடவையில் வந்திருந்த டீச்சர் சொல்லவில்லை. சூப்பர்வைசரின் நாக்கு மேல்வரிசைப் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொன்னால், நாளைக்கு ரேடியோ வேலை போய் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சொல்லாவிட்டால், ஒன்றும் நடக்காது.

பிக்கு ஐந்தாவது வரிக்குப் போகவில்லை. யாரையும் கேட்கவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தபடி காத்திருந்தார், அவ்வளவுதான்.

கீழே டயர் கடையில் யாரோ காற்று அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் புதுச் சட்டைக் காலரில் விலை ஒட்டிய சீட்டு பிய்க்கப்படாமல் இருந்தது. மின்விசிறிக் காற்றில் அதன் ஒரு முனை எழும்பியது, படிந்தது, மறுபடி எழும்பியது. அவள் அதையே பார்த்தபடி வாய் நிறைய மூச்சை இழுத்தாள்.