கோபத்தில் அரைத்த சால்சா

வடக்கே பாலைவனத்தில் இருக்கிற எர்மோசியோவில் ஆகஸ்ட் மாதம் அடுப்படியில் நிற்கிறவளுக்குச் சொர்க்கத்தில் தனி இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். வெயில் சாய்ந்த பிறகும் சுவர் தொட்டால் சுடும். ஜன்னலில் மாட்டிய கூலர் காற்றைவிட இரைச்சலைத்தான் அதிகம் கொடுக்கும். என் வீட்டுக்காரர் எவரார்தோவுக்கு ஊரில் இருக்கிற கூலரையெல்லாம் பழுது பார்ப்பதுதான் வேலை. எங்கள் வீட்டுக் கூலர் என்று வந்தால் மட்டும் "ஞாயித்துக்கிழமை பாக்குறேன்" என்பார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதில்லை.

இந்த லட்சணத்தில் அன்றைக்கு டாக்கோ செய்துகொண்டிருந்தேன். புதன்கிழமை. வேலைக்குப் போய் வந்து வேறென்னத்தைச் செய்வது? மாட்டுக்கறி கொத்தியது கொஞ்சம், உருளைக்கிழங்கு நாலைந்து, சோள ரொட்டி ஒரு கட்டு இருந்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. கறி இல்லாமல் எதைப் போட்டாலும் சாப்பிட்டு முடித்துவிட்டு "சரி, சாப்பாடு எப்ப?" என்று கேட்கிற ஊர் இது.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. தெற்கே, புவெப்லாவில் பிறந்தவள். எங்கள் பக்கம் கொத்துக்கறியில் உலர்திராட்சையும் பாதாமும் போடுவோம். கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் செய்து வைத்தேன். எவரார்தோவின் தம்பி ரொசெந்தோ தனிக்கட்டை. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவர் ஒரு திராட்சையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மதினி, கறிக்குள்ள ஏதோ செத்துக் கெடக்குது" என்றார். அதோடு திராட்சையை விட்டேன். காய்ந்த சிவப்பு மிளகாயை ஊறவைத்து அரைத்து, பூண்டும் ஓரிகானோவும் போட்டு, நாக்கு சுருண்டுகொள்கிற மாதிரி இவர்கள் பாணியில் கறியை வதக்கக் கற்றுக்கொண்டேன்.

திராட்சையை விட முடிந்தது. வளர்ந்த விதத்தை விட முடியவில்லை. எங்கள் ஊரில் யாராவது கிளம்புகிறேன் என்றால் "உங்க இஷ்டம்" என்போம். அடுத்தவர் விஷயத்தில் தலையிடக் கூடாது, கெஞ்சக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. என் அம்மா கோபம் வந்தால் குரலை இன்னும் தாழ்த்துவாள். இந்த ஊர்க்காரர்களோ, போகிறேன் என்றால் "எங்க போற? கிறுக்கா உனக்கு? உக்காரு" என்று சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். அதைப் பார்க்கிறபோதெல்லாம் என்ன ஜனங்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

நெரெய்தா, எவரார்தோவின் மகள். பதினாறு வயது. அவளைப் பெற்றவள் இறந்து கொஞ்ச காலம் கழித்துத்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் கத்துவாள், சித்தப்பாவிடம் வாயாடுவாள், கதவை அறைந்து சாத்துவாள். என்னிடம் மட்டும் "சரிங்க செஞோரா, நன்றிங்க செஞோரா." கடைக்காரியையும் டீச்சரையும் கூப்பிடுகிற அதே செஞோரா. நானும் அதற்குக் குறையாமல் மரியாதை காட்டினேன். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி, முழங்கை படாமல் இருவரும் காலம் தள்ளினோம். அது எனக்கு வலித்தது. ஆனால் அவளாக வரட்டும் என்று இருந்தேன்.

அன்றைக்கு நான் உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"செஞோரா, ஒரு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லும்மா."

"டிஹுவானாலேந்து இமெல்தா சித்தி கூப்பிடறாங்க. அவங்க வீட்லயே இருந்து படிப்ப முடிக்கலாமாம். சனிக்கிழமை கார் எடுத்துட்டு வர்றாங்களாம். அப்பாகிட்ட கேட்டேன். அவரு உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."

இமெல்தா அவளைப் பெற்றவளின் தங்கை, ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால்தான் போய்ச் சேருகிற ஊரில் இருக்கிறவள். நல்லவள்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

போகாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. போகாதே, நீ இல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள், இந்த இரண்டு தடியன்களும் வாயில் போட்டுக்கொண்டு தூங்கப் போய்விடுவார்கள். ஆனால் பெற்றவளின் தங்கை கூப்பிடுகிற இடத்தில் நான் யார் குறுக்கே நிற்க? கத்தியைக் கீழே வைத்தேன். என் அம்மா பேசுகிற மாதிரியே பேசினேன்.

"உன் இஷ்டம்மா. உனக்கு எது நல்லதுன்னு படுதோ அதச் செய். நான் தடையா இருக்க மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "நன்றிங்க செஞோரா" என்றாள். பிறகு, "சால்சா நான் அரைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அரைம்மா."

சின்னக் கல்லுரலை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு கொல்லைப்படிக்குப் போனாள். தக்காளி, பூண்டு, உப்பு, ரொசெந்தோ மலையிலிருந்து வாங்கி வரும் காட்டு மிளகாய். மணத்தக்காளி அளவுதான் இருக்கும், ஆளைக் கொன்றுவிடும். நாலைந்து உருண்டை போதும். வெளியே கல்லும் கல்லும் மோதுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் என் துக்கத்தில் இருந்தேன். அது அரைக்கிற சத்தமா இடிக்கிற சத்தமா என்று யோசிக்கவில்லை.

ரொட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணெயில் காட்டி இளக்கி, கறியை வைத்து மடித்து, பிரிந்துவிடாமல் பல்குச்சி குத்தி, வாணலியில் போட்டேன். எண்ணெய் கையில் தெறித்தது. வழக்கமாகத் திட்டுவேன், அன்றைக்குத் திட்டவும் தோன்றவில்லை. பொன்னிறமானதும் எடுத்து, குச்சியை உருவி, வாயைப் பிளந்து முட்டைகோஸும் வெள்ளைச் சீஸும் திணித்து அடுக்கினேன். சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. வேண்டாம் என்று நிறுத்தினேன்.

எவரார்தோ குளித்துவிட்டு வந்தார். ரொசெந்தோ குளிக்காமலே வந்தார். எல்லோரும் உட்கார்ந்தோம். நெரெய்தா கல்லுரலை மேசை நடுவில் வைத்தாள்.

ரொசெந்தோ சாப்பாட்டு விஷயத்தில் காத்திருந்து பழக்கமில்லாதவர். டாக்கோவுக்குள் இரண்டு கரண்டி சால்சா விட்டு, பாதியை ஒரே கடியில் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். கண் சிவந்தது. காது சிவந்தது. எழுந்து கூலருக்கு முன்னால் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"யாருக்குய்யா கோவம் இந்த வீட்ல?" என்றார், மூச்சு வந்ததும்.

கோபத்தோடு அரைத்தால் சால்சாவில் காரம் ஏறும். இந்த நாட்டில் வடக்கு தெற்கு என்றில்லாமல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. டாக்டருக்குப் படித்தவர்கள்கூட மறுக்க மாட்டார்கள். உடனே அண்ணன் தம்பி இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எவரார்தோ ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஹசிந்தா, கூலர இந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா பாத்துடறேன்" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"இல்ல, சொல்லாம இருக்கறதுதான் பயமா இருக்கு. உங்க அக்கா போன் பண்ணத சொல்ல மறந்துட்டேன், அதுவா? பீர் வாங்கிட்டு வந்தத வண்டிக்குள்ள வெச்சிருக்கேன், அதுவா?"

"என்னது, பீரா? அது வேற இருக்கா? சால்சா நான் அரைக்கல எவரார்தோ."

இருவர் தலையும் மெதுவாக மேசையின் அந்தப் பக்கம் திரும்பின. நெரெய்தா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு கோவமும் இல்ல. மொளகா அப்படி" என்றாள்.

"மொளகாய சொல்லாத" என்று ரொசெந்தோ கூலர் முன்னாலிருந்தே குரல் கொடுத்தார். "போன வாரம் அதே பையிலேந்துதான் மதினி அரைச்சாங்க. குழந்தைக்குக் குடுக்கலாம், அப்படி இருந்துச்சு."

"கோவமில்லன்னு சொல்றேன்ல!"

"கண்ணாடில மூஞ்சியப் பாருடி."

நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியாது. அந்தப் பெண் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. நெருப்பு தொண்டைக்குள் இறங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் ஒரு கை நிறைய மிளகாயை அள்ளிப் போட்டிருக்க வேண்டும்.

"யாரு மேலம்மா கோவம்?" என்றேன், மெதுவாகத்தான்.

அந்த மெதுவான குரல்தான் அவளைக் கிளப்பிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"உங்க மேலதான்! வேற யாரு மேல? போறேன்னு சொன்னா உன் இஷ்டம்னு சொல்றீங்க! வாடகைக்கு இருக்கறவ வீட்டக் காலி பண்றேன்னா சொல்ற மாதிரி! நான் போகவா இருக்கவான்னு கேட்டேன். நீங்க உருளக்கெழங்கு நறுக்கிக்கிட்டு இருக்கீங்க!"

"கத்திய கீழ வெச்சேனே..." என்றேன். எனக்கே கேட்காத மாதிரி.

"ரெண்டு வருஷமா ஒரு தடவ திட்டினது உண்டா என்ன? கதவ உடைக்கிற மாதிரி சாத்தறேன், வந்து கேக்கறதில்ல. கணக்குல பெயிலானேன், 'பரவால்லம்மா'ன்றீங்க. என்ன, இந்த வீட்ல விருந்தாளியா நான்? எங்கம்மாவா இருந்தா போறேன்னு வாயத் தொறந்தப்பவே செருப்பு பறந்திருக்கும்!"

கூலர் மட்டும் இரைந்தது. எவரார்தோ கையிலிருந்த டாக்கோவிலிருந்து முட்டைகோஸ் ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

அவ்வளவு நாளும் அவள் என்னிடம் காட்டிய மரியாதை, நான் அவளிடம் காட்டியதைத்தான் திருப்பிக் கொடுத்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். நான் உள்ளேயே உட்கார்ந்து, தட்டினால் திறக்கலாம் என்று காத்திருந்தேன். என் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாயில் அந்தக் காரம் வேறு. எது காரம், எது கோபம் என்று பிரிக்க முடியவில்லை.

"எங்கயும் போகக் கூடாது!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். பிறந்ததிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை. "டிஹுவானாவாம், சித்தியாம்! இந்த வீட்டு வாசப்படியத் தாண்டிப் பாரு, கால ஒடிக்கிறேன்! படிக்கணும்னா இங்க ஸ்கூல் இல்லயா? கணக்குல பெயிலானதுக்கு இன்னும் உன்ன நான் ஒண்ணும் கேக்கல, இன்னிக்கு கேக்கறேன், உக்காரு! போறாளாம்!"

கத்திக்கொண்டே குனிந்தேன். கால் செருப்பு கையில் வந்தது. வீசினேன்.

வீசிப் பழக்கமிருந்தால்தானே. அது அவளைத் தாண்டி, ரொசெந்தோவைத் தாண்டி, கூலரில் மோதிக் கீழே விழுந்தது. கூலர் ஒரு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய மரியாதை அத்தனையும் ஒரு வீச்சில் போயிற்று. இனி சனிக்கிழமை வரைகூட அவள் இருக்க மாட்டாள், இப்போதே பையைத் தூக்குவாள் என்று நினைத்தேன். ரொசெந்தோ சுவரோடு ஒட்டி நின்றார். எவரார்தோ இருந்த இடத்திலிருந்து அசையவில்லை.

நெரெய்தா போய்ச் செருப்பை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். உதடு நடுங்கியது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று அவளுக்கே தெரியாது போல. கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, டாக்கோ ஒன்றை எடுத்துக் கடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மென்றாள். நான் தண்ணீரை அவள் பக்கம் தள்ளினேன். அவள் குடித்தாள்.

அப்போது மேசைமேல் அவள் போன் அடித்தது. டிஹுவானா. எடுத்துக் காதில் வைத்தாள். வாய் நிறையக் கறி.

"சித்தி... இல்ல சித்தி, வர வேணாம்." என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள். "நான் என்ன பண்றது? ஹசிந்தா விட மாட்டேங்கறா. ஆமா... சாதுவா? யாரு சொன்னா உங்களுக்கு? கால ஒடிப்பேன்னு கத்தறா. தெருவுக்கே கேட்டிருக்கும். செருப்ப வேற எடுத்து வீசிட்டா."

எதிர்ப்பக்கம் இமெல்தா பதறிப்போய் ஏதோ கேட்டாள். அடித்துவிட்டாளா என்று கேட்டிருப்பாள்.

"சேச்சே. படல" என்றாள் என் மகள். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."