கண்ணுக்கு முன் மீட்டர்

"தொடைக்கிறதுக்குக்கூட மேடத்துக்கு மீட்டர் வேணுமாம்! கேட்டியா கூத்த!" மாமியாரின் குரல் தெருமுனைவரை போயிருக்கும்.

மருமகள் கையில் ஃபைபர் கேபிளின் நுனி. இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பது அவர்கள் குடும்பத் தொழில்; வீட்டு முன்னறைப் பெட்டியிலிருந்துதான் அந்தத் தெருவுக்கே இன்டர்நெட் போகிறது. நுனியில் துளி தூசி ஒட்டினால் போதும், பாதித் தெரு படுத்துவிடும். அதைத் துடைப்பதும், குட்டி மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துச் சுத்தமா என்று பார்ப்பதும் அவள் வேலை. கம்பம் ஏறுவதும் கருவி பிடிப்பதும் ஆண்கள் வேலை. துடைப்பது என்று எது வந்தாலும் பெண் தலையில் கட்டிவிடும் வீடு அது.

கேபிளில் ஓடும் லேசர் கண்ணுக்குத் தெரியாது. அது நின்றுவிட்டதா என்று மீட்டர்தான் சொல்லும். ஓடும்போது மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பார்வையே போகலாம். அந்த மீட்டரோ எப்போதும் கொழுந்தனின் பையில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் ஆஃப் பண்ணிட்டேன்னு தம்பி சொல்லிட்டான்ல? பாரேன்," என்றான் கணவன். நெட் வரவில்லை என்று தெருக்காரர்கள் கூப்பிட, அவன் செல்போன் ஓயாமல் அலறியது.

"போன வாரமும் இப்படித்தான் லைனை மாத்திச் சொன்னாரு. என் கண்ணு போனா யாருங்க குடுப்பா?"

"இத்தனை நாளா பாக்குற, ஒண்ணும் ஆகலையே!"

சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப் போயிருந்தது. நுனிக்கு மூடி போட்டு மேசையில் வைத்தாள்.

"நான் பாக்க மாட்டேன். அவசரம்னா நீங்களே பாருங்க."

கணவன் வெடுக்கென்று எடுத்தான். மூடியைக் கழற்றி மைக்ரோஸ்கோப்பில் செருகினான். கண்ணருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். பிறகு மெல்லக் கீழே வைத்துவிட்டுத் தம்பியை போனில் அழைத்தான்.

"டேய், மீட்டரை எடுத்துட்டு வா. தெரு காத்திருக்கட்டும், பரவால்ல."

"ஆமாப்பா, கண்ணு விஷயமாச்சே," என்றாள் மாமியார்.



கொழுந்தன் வந்து மீட்டரை அண்ணனிடம் நீட்டினான். நடுவே கை நீட்டி மருமகள் வாங்கினாள். அதில் கேபிளைச் செருகினாள். லேசர் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் தெரிந்த எண்ணைக் கணவனிடம் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது.

கொழுந்தனை மறுமுனைக்குத் திருப்பி அனுப்பிச் சரியான லைனை நிறுத்தச் சொல்லி, மறுபடி அளந்து, துடைத்து, பார்த்து, பெட்டியில் செருகினாள். லைன் திரும்ப வந்ததும் செல்போன் அடங்கியது. திரும்பி வந்த கொழுந்தன் மீட்டருக்குக் கை நீட்டினான்.

"உங்களுக்கு வேற வாங்கிக்கோங்க தம்பி," என்று அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.