கடல் நடுவே ஏழு மணி

ஒதீல் ஏணியின் கடைசிப் படிக்கு வந்தபோது, மேலே கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த கிழவி கை நீட்டினாள். அவள் கேட்டது முதுகு மூட்டையை.

"அதைக் குடு முதல்ல. அந்தப் பாரத்தோட ஏறினா பின்னால சாய்ஞ்சிருவ."

மூட்டை முதலில் போனது, பிறகு ஒதீல் போனாள். கூண்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு தூண்மேல் ஒரு பலகை மேடை, சுற்றி இடுப்பளவுக்குக் கம்பி. கெர்னோ தீவுக்கும் கரைக்கும் நடுவே, கல்பாதையில் போகிறவர்களைக் கடல் முந்திக்கொண்டால் ஏறி நிற்பதற்குக் கட்டிவைத்தது. இரண்டு பேர் முழங்காலை மடக்கி உட்காரலாம். கீழே, சற்றுமுன் அவள் ஓடிவந்த பாதையை இரண்டு பக்கத்துத் தண்ணீரும் மூடிவிட்டிருந்தன.

பிரெத்தான் கரையோரமாகத் தனியாக நடக்கத் தொடங்கி அவளுக்கு இது பதினேழாம் நாள். முதல் நாள் கூடாரம் போட்ட இடத்தில் கொடுத்த, கடல் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓதப் புத்தகம் குளிர்கால நேரத்தில் அச்சிட்டது. கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அவள் ஒரு நாள் தவறாமல் கூட்டினாள். இன்று புத்தகம் மூட்டையின் அடியில் மாட்டிக்கொண்டதால், ரொட்டிக்கடை வாசலில் இருந்த ஓத நேரப் பலகையைப் பார்த்துவிட்டு அதிலும் ஒரு மணி கூட்டினாள். பலகைக்காரர்கள் ஏற்கெனவே கூட்டித்தான் எழுதியிருந்தார்கள்.

இதைக் கேட்டு மர்ஜான் என்ற அந்தக் கிழவி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பட்டணத்தம்மா கணக்கு பிரமாதம் என்றாள். அப்படியானால் நீங்கள் எப்படி இங்கே என்று ஒதீல் கேட்டதும் சிரிப்பு நின்றது. எழுபத்தாறு வருஷமாக இந்தக் கரையில் மட்டிச் சிப்பி பொறுக்குகிறவள், இந்த ஏணியில் இன்றுதான் முதல்முறை ஏறியிருக்கிறாள். பௌர்ணமி ஓதம், தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. மண்ணைக் கீறிய இடமெல்லாம் மட்டி. தலை நிமிரவில்லை. ஆளுக்கு மூன்று கிலோதான் எடுக்கலாம் என்று சட்டம். அவள் வாளியில் எட்டுக்குக் குறையாது.

"பத்தரைக்குத் தண்ணி இறங்கும். அதுவரைக்கும் பேசாம உக்காரு," என்றாள்.

அப்போது மணி ஐந்து. பேசாமல் உட்காருவதில் ஒதீலுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஏழு மணிதான் கஷ்டம்.

அதை அவள் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. ஜனவரியில் லீல் நகரத்தில், தன் மூன்றாம் மாடி வீட்டுப் படிக்கட்டில் தலைசுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். மகன் தீபோ தன் வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்து, கட்டிலும் போட்டுவிட்டு, இனி அம்மா தனியாக இருப்பதாக இல்லை என்றான். நல்ல பிள்ளைதான். அந்த அறையின் ஜன்னல் அவன் காரை நிறுத்துகிற இடத்தைப் பார்த்து இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் அவள் கேட்டது நாற்பது நாள். நாற்பது நாளும் ஒன்றும் ஆகாமல் நடந்து முடித்துவிட்டால் தன் வீட்டிலேயே இருப்பாள். தினமும் மாலை ஏழு மணிக்குப் போன் செய்வாள். ஒரு நாள் தவறினாலும், ஒரு விபத்து நடந்தாலும், மறுபேச்சில்லாமல் பின்னறைக்குப் போவாள். வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவள் போன் மத்தியானமே அணைந்துவிட்டது. காசு மிச்சப்படுத்த இரண்டு ராத்திரி ஒரு காய்கறித் தோட்டத்து ஓரத்தில் படுத்ததில் சார்ஜ் போட இடமில்லை. மர்ஜானின் சட்டைப்பையில் ஒரு போன் இருந்தது. ஒதீல் கேட்டாள். மர்ஜான் பையை மூடினாள்.

"குடுத்தா நீ மீட்புப் படகைக் கூப்பிடுவ. படகுக்காரன் உன்னைத் தூக்குறதுக்கு முன்னாடி என் வாளியைத்தான் பார்ப்பான். அபராதம்கூடப் பரவால்ல. ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது."

படகைக் கூப்பிட்டால் தன் கதையும் முடிந்தது, அதனால் கூப்பிட மாட்டேன் என்று ஒதீல் சத்தியம் செய்தாள். அதிகமானதைக் கடலில் கொட்டிவிட்டால் பயமே இல்லையே என்றும் சொல்லிப்பார்த்தாள். மர்ஜான் வாளியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு ஏணியின் பாதிப் படிகள் தண்ணீருக்குள் போயின. தூண்கள் ஒவ்வொரு அலைக்கும் மெல்ல அதிர்ந்தன. கால் மரத்துப்போய் ஒதீல் எழுந்து நின்றாள், நின்றால் காற்று. உட்கார்ந்தாள். நேற்றைய ரொட்டியும் மத்தி மீன் டப்பாவும் எடுத்து இரண்டாகப் பங்கிட்டாள். மர்ஜான் மறுக்காமல் வாங்கித் தின்றாள். இதைத் தின்றுகொண்டா பதினேழு நாள் நடந்தாய் என்று கேட்டாள். ஆமாம், மகனிடம் தினமும் ஓட்டலில் சூடாகச் சாப்பிட்டதாகச் சொல்லுவேன் என்றாள் ஒதீல். அதைக் கேட்ட பிறகு கிழவி அவளைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள்.

ஆறு ஐம்பத்தைந்துக்குப் போன் வெளியே வந்தது. நம்பரைத் தானே அடிப்பேன், தானே பிடித்துக்கொள்வேன், பேச்சு தனக்கும் கேட்க வேண்டும் என்பது மர்ஜானின் நிபந்தனை.

"யாரோட நம்பர்மா இது?" என்றான் தீபோ.

"இங்க ஒருத்தரோடது. என் போன்ல சார்ஜ் இல்ல."

"தண்ணி சத்தம் காதுக்குள்ள கேக்குது. எங்க இருக்க?"

"கடலோரமா."

"நம்பரோட ஆளைக் குடு."

ஒதீல் கம்பியை இறுகப் பிடித்தாள். மர்ஜான் தொண்டையைச் செருமினாள்.

"என் வீட்டு வாசல்லதான் தம்பி உக்காந்திருக்காங்க. வீடே தண்ணிப் பக்கம். ராத்திரிக்கு மட்டி வேகவைக்கப்போறேன். உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க, வாய்தான் ஓயல."

தீபோ சிரித்தான். தப்பித்தாயிற்று என்று ஒதீல் கம்பியை விட்டாள். பிறகு அவன் நிம்மதியான குரலில் சொன்னான்.

"நல்லதும்மா. நீயும் சந்தோஷமா இருக்கிறப்பவே சொல்லிடறேன். உன் வீட்டைக் காலி பண்றதா வீட்டுக்காரருக்கு எழுதிக் குடுத்துட்டேன். சனிக்கிழமை வண்டி வருது, சாமானெல்லாம் ஏத்தறதுக்கு. நீ எதுக்கும் அலைய வேண்டாம்."

"நாற்பது நாள் ஆகலையே."

"அது சும்மா உன் திருப்திக்குத்தானே. நீ நடந்துட்டு வா. உனக்குப் பதிலா நானே எதையும் செய்யலாம்னு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே, அதை வெச்சு மார்ச்சுலயே குடுத்துட்டேன்."

மார்ச்சில். அவள் மூட்டை வாங்கியது ஏப்ரலில். கடைக்கு அவனும் கூட வந்து, தோள்பட்டை வாரை இழுத்துப் பார்த்து, இது கனமாக இருக்கிறது என்று வேறொன்றை எடுத்துக் கொடுத்தான்.

அலை ஒன்று பலகை இடுக்கு வழியாக மேலே வந்து அவள் காலை நனைத்தது. மர்ஜான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"தீபோ," என்றாள் ஒதீல். "நான் யார் வீட்டு வாசல்லயும் இல்ல. கடல் நடுவுல ஒரு கூண்டுல நிக்கறேன். வர்ற வழியில தண்ணி சூழ்ந்துடுச்சு. பத்தரை வரைக்கும் இறங்க முடியாது."

தீபோவின் குரல் உயர்ந்தது. எல்லாம் சேர்ந்து வந்தது: எந்த ஊர், யாரைக் கூப்பிடணும், இதுக்குத்தான் சொன்னேன், அசையாதே, இப்பவே காரை எடுக்கறேன்.

"எடு. இங்க வர ஏழு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நான் கரைக்குப் போயி மேற்க நடந்திருப்பேன்."

"சனிக்கிழமை உன் சாமானை நான் எங்கம்மா வெப்பேன்?"

"அந்தப் பின்னறையில வை. கட்டில் போட்டிருக்கியே."

"நீ எங்க வருவ?"

இன்னும் தெரியாது என்றாள். நாளை ஏழு மணிக்குக் கூப்பிட மாட்டேன், தோன்றினால் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மர்ஜானிடம் அணைக்கச் சொல்லித் தலையசைத்தாள்.

"மகன் படகைக் கூப்பிடுவானா?" என்றாள் மர்ஜான்.

"எந்த ஊருன்னு சொல்லலையே."

மறுபடி தண்ணீர் பலகைமேல் ஏறியது. இருவரும் எழுந்து நின்றார்கள். மர்ஜான் வாளியைத் தூக்கி ஒதீலிடம் கொடுத்தாள், தனக்குக் கை வலிக்கிறது என்று. எட்டுக் கிலோ மட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதீல் மேற்கே பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான். இன்னும் மூன்றரை மணி நேரம் அப்படித்தான்.