இரண்டரையாம் பிரிவு

ஷூ கம்பெனியின் கூட்ட அறைத் திரையில் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் விரிந்தன. ஒரு புள்ளி, ஒரு தொழிலாளி. வலப்பக்கம் போகப்போக சர்வீஸ் அதிகம். மேலே போகப்போக ஆயிரம் ஜோடிக்குப் பழுது அதிகம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல், கைதவறிக் கொட்டிய கடுகு மாதிரி கிடந்தன. காலையில் இதைப் பார்த்துவிட்டுத்தான் மேலாளர், "ஏம்ப்பா, மொட்டையா இருக்கே? பிரிவுவாரியா கலர் போட்டுக் கொண்டா" என்றிருந்தார். மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து அவர் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. "டேட்டா பேசட்டும்" என்பார். டேட்டா வாயைத் திறப்பதற்குள் அவரே பேசி முடித்துவிடுவார்.

கூட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது புள்ளிக்காரன் (கணக்கெடுத்துப் படம் போடுகிறவனுக்கு ஆபீஸ் வைத்த பெயர்) கணினி நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தான்: நிறம் என்றால் பிரிவு. வெளிறிய மஞ்சளில் தொடங்கி ரத்தச் சிவப்பில் முடிந்தது. படம் அழகாக வந்துவிட்டது. அழகாக வந்ததை யார் மறுபடி பார்க்கிறார்கள்?

"இரண்டரையாம் பிரிவுக்கு யாருங்க சூப்பர்வைசர்?" என்றார் பணியாளர் அதிகாரி.

படத்தின் ஓரத்து நிறப்பட்டையில் 2.5, 5, 7.5, 10 என்று எழுதியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அப்படியொரு பிரிவு இருந்தாலும் இருக்கும் என்று யோசித்தார்.

புள்ளிக்காரன் நிறப்பட்டையை மறுபடி பார்த்தான். பிரிவு எண்ணைப் பெயர் என்று சொல்லாமல் விட்டுவிட்டான். கணினி அதை அளவு என்று எடுத்துக்கொண்டு ஒன்றை வெளிறவும் பத்தைக் கொதிக்கவும் வைத்திருந்தது. எழுபதாம் நம்பர் பஸ், ஏழாம் நம்பரைவிடப் பத்து மடங்கு பஸ் இல்லை என்பது கண்டக்டருக்குத் தெரியும். கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும்.

"பத்தாம் பிரிவு எரியுதே!" என்றார் மேலாளர். ஏதாவது ஒரு பிரிவை மூடச் சொல்லித் தலைமையகத்திலிருந்து வந்த கடிதம் ஒரு மாதமாக அவர் மேசையில் கிடந்தது.

பத்தாம் பிரிவு அடிப்பாகம் ஒட்டும் பிரிவு. முப்பத்தெட்டு பேர். அதில் ஒருவர் புள்ளிக்காரனுடைய அக்காவின் கணவர்.

அரை மணி நேரத்தில் திருத்திய படத்தோடு மேலாளர் அறையில் நின்றான். பத்துப் பிரிவுக்குப் பத்துத் தனி நிறம். எல்லாம் எல்லாவற்றோடும் கலந்து கிடந்தன.

"இதுல ஒண்ணுமே தெரியலையேப்பா."

"தெரியறதுக்கு ஒண்ணும் இல்லைங்கறதுதான் சார் விஷயம். முன்னாடி போட்டது என் தப்பு."

"ஒண்ணும் இல்லைன்னு நான் மேல எழுதிப் போட முடியுமா? அந்தப் படம் எவ்வளவு தெளிவா இருந்துச்சு!" குரலைத் தணித்தார். "அது தலைமையகத்துக்குப் போயாச்சுப்பா. பாராட்டியும் பதில் வந்தாச்சு. உன் பேரையும் போட்டிருக்கேன்."

தப்பு என்று எழுதித் தருகிறேன் என்றான். "தாராளமா தா" என்றார் அவர். வாங்கி, படிக்காமல், மேசை இழுப்பறையில் வைத்தார். பத்திரமாகத்தான் வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் அக்கா வீட்டுக்குப் போனபோது, மாமா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து விரலிடுக்கில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வேலைநீக்கக் கடிதங்களோடும் வெளிப்படைத்தன்மைக்காக அந்த முதல் படத்தையும் இணைத்திருந்தார்கள். ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினுக்குக் கலர் கிடையாது. மஞ்சளும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிட்டிருந்தன.

"என் தம்பிதான் இதெல்லாம் போடறவன், அவன்கிட்டயே கேளுங்க" என்றாள் அக்கா. அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இதுல நான் எது மாப்ள?"

அவனுக்கு இடம் தெரியும். பதினோரு வருஷம், ஆறு பழுது. அங்கே ஒரு புள்ளிதான் இருந்தது. அதே வருஷமும் அதே பழுதும் உள்ள வேறு யாரோ ஒருவர் மாமாவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். நீங்கள் அடியில் இருக்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? பக்கத்திலேயே தனியாக நின்ற ஒன்றில் விரலை வைத்தான்.

"கீழ இருக்கேனே. அது நல்லதா, கெட்டதா?"

"நல்லது மாமா. பழுது கம்மி."

"அப்புறம் ஏன்?"

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்த அக்கா உள்ளே போகாமல் நின்றாள். நிரலும் நிறமும் இரண்டரையும் அவன் தொண்டை வரை வந்தன. செம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

மாமா காத்திருக்கவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, யாருடையதோ ஆன அந்தப் புள்ளியைச் சுற்றிக் கோணலாக ஒரு வட்டம் போட்டார். பிறகு காகிதத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"அப்ப இந்தப் பக்கத்துல நிக்கறது நம்ம நெட்டையனா இருக்கும். என்கூட சேர்ந்தவன். மேல நிக்குதே, இது தாடிக்காரர். அவருக்குக் கை நடுக்கம், பாவம். சரிதானே?"

அவன் தலையாட்டினான். பேனா அடுத்த புள்ளிக்கு நகர்ந்தது.