மச்சினனின் சுத்தமான சிறுநீர்

செயலாளருக்குச் சிறுநீரகத்தில் கல். குடியிருப்போர் சங்கத்துக்குத்தான் அவர் செயலாளர். ஆனால் பட்டம் வீட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டது. மனைவிகூட மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுவாள். படிக்கட்டுதோறும் அடுத்தவருக்குப் புத்திமதி எழுதி ஒட்டுகிற மனிதர். தனக்கு யாராவது ஒன்று சொன்னால் மட்டும் காது அடைத்துக்கொள்ளும்.

முதல் தடவை ஆபரேஷன் தள்ளிப்போனது. சிறுநீரில் கிருமி இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, முழுக்கச் சாப்பிட்டுவிட்டு மறுபடி பரிசோதிக்கச் சொன்னார். இந்த முறை முடிவு நல்லபடியாக வந்தது. இன்று காலை பச்சை அங்கியில், பின்பக்க நாடா அவிழ்ந்து தொங்க, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் தட்டில் ஊசி மருந்தை எடுத்துவைத்தாள். "ரிப்போர்ட் சுத்தமா இருக்கு. தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி இந்த ஒரு ஊசி போதும். மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டீங்கல்ல?"

"ஒண்ணு விடல, சிஸ்டர்."

அவள் போனதும் பக்கத்துப் படுக்கையில் குடலிறக்கத்துக்கு வந்திருந்தவர் பெருமூச்சு விட்டார். "எனக்கு மாத்திரைன்னாலே குமட்டும். நீங்க பரவால்ல."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். செயலாளருக்கோ உடம்பெல்லாம் வாய்.

"யாரு சாப்பிட்டா? எரிச்சல் நின்னுது, நானும் நிறுத்திட்டேன். டெஸ்ட்ல மாட்டிக்குவேன்ல? மச்சினன் கையில பாட்டிலக் குடுத்துட்டேன். வயசுப் பையன். மினரல் வாட்டர் மாதிரி இருந்துச்சு."

திரைக்கு அந்தப் பக்கம் அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். லைசென்சுக்காகக் கண் பரிசோதனைக்கு வரும்போது எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பிக்கிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறாள். எதிரே லாரி வந்தால் அதற்கும் ஒப்பித்துக் காட்டுவார்கள் போலிருக்கிறது. அப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்துவது மட்டும் இதுவரை அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

வெளியே வந்தாள். வராந்தாவில் அவள் தம்பி போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"பாட்டில்ல நீயாடா குடுத்த?"

"மாமா கேட்டாரு. மரியாதைக்குக் குடுத்தேன்க்கா."

"கிட்னியக் கேட்டாலும் மரியாதைக்குக் குடுப்பியா?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

அவள் திரும்பி வந்து கணவரிடம் குனிந்து, "நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க," என்றாள்.

"சும்மா இரு. மறுபடி தள்ளிப்போச்சுன்னா சங்கத்துல சிரிப்பாங்க. அதான் ஊசி போடுறாங்களே, அது பாத்துக்கும்."

பார்த்துக்கொள்ளாது. ஆபரேஷன் தள்ளிப்போன அன்றைக்கே டாக்டர் சொல்லியிருந்தார்: கிருமியோடு கல்லை உடைத்தால், உள்ளே பாய்ச்சுகிற தண்ணீரின் வேகத்தில் கிருமி இரத்தத்தில் ஏறிவிடும், பிறகு ஆள் பிழைப்பதே பாடு. இவரும் தலையாட்டினார். பொம்மையும்தான் ஆட்டும்.

தள்ளுவண்டி வந்துவிட்டது. போகட்டும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது உண்மை. ஆனால் விதவையாவதற்கும் இதைவிடக் கௌரவமான காரணம் வேண்டும். வண்டியின் கம்பியைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாக்டரக் கூப்பிடுங்க. அந்த ரிப்போர்ட் இவரோடது இல்ல."

டாக்டர் தலையில் தொப்பியோடு வந்தார். செயலாளர் முந்திக்கொண்டார். "லேப்ல அந்தப் பொண்ணு மாத்திட்டா போல டாக்டர். இந்தக் காலத்துல யாருக்குப் பொறுப்பு இருக்கு?"

அவர்மேல் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அவளுக்கு அத்தோடு தீர்ந்தது. "டேய், உள்ள வா," என்றாள்.

தம்பி வந்து நின்றான். யாரும் கேட்கவில்லை, அவனே, "என்னோடதுதான் டாக்டர்," என்றான்.

டாக்டர் செயலாளரை, செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உங்க மச்சினனுக்குக் கல்லு இருந்தா இன்னிக்கே எடுத்துடலாம். உங்களுக்கு முடியாது. புதுசா யூரின் குடுங்க. ரிப்போர்ட் பாத்துட்டு மாத்திரை, அத முழுசா முடிச்சப்புறம்தான் தேதி."

அவள் தம்பியை அனுப்பிவிட்டு, கணவர் கையில் புதுப் பாட்டிலைக் கொடுத்து, கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "வர மாட்டேங்குது."

"நான் லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நிதானமா வரட்டும்."

"தம்பி எங்க?"

"வீட்டுக்குப் போயிட்டான்."

பிறகு குழாய் திறக்கும் சத்தமும், பாட்டிலுக்குள் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன.

"அதக் கீழ ஊத்துங்க," என்றாள் அவள். "ஊத்திட்டுக் கதவத் திறந்து வைங்க."