நகரும் மரத்தடுப்பு

1

குன்னூரில் மழைக்கு ஒதுங்கிய ஒரு பழைய கட்டிடத்தில், தரை நெடுக ஏதோ கனமான சாமானை இழுத்த கீறல்களைப் பார்த்தேன். இந்தக் கதைக்குக் கைமுதல் அவ்வளவுதான். மீதியெல்லாம் என் புளுகு.

2

1934. மூடுபனி போர்த்திய மலையின் மடியில் ஜெஸிந்தா என்னும் அபலைப் பெண்...

(அடித்துவிட்டேன். அழவைக்கப் பார்த்தேன், அவள் இடம் கொடுக்கவில்லை.)

மறுபடியும். தொழிற்பள்ளிக்குத் தையல் மெஷின் ஒன்று வந்தது. மெஷின் என்றால் பட்டறையில்தான் இருக்க வேண்டும் என்று மூலையில் வைத்தார் தச்சு வாத்தியார் எட்மண்ட். பட்டறையோ பையன்களுக்கு மட்டும். பெண்களுக்கு வராந்தாவும் ஊசியும் குளிரில் விறைத்த விரலும். பையன்கள் மெஷினைத் தொடவில்லை. தையல் பொம்பளை வேலையாம். ஜெஸிந்தாவுக்கு வயிறு எரிந்தது. மெஷினில் தைக்கத் தெரிந்தால் ஊட்டிக் கடையில் வேலை, இல்லாவிட்டால் எஸ்டேட்டில் கொழுந்துக் கூடை.

3

"ஏனுங்க சார், மெஷினைச் சுத்தி ஒரு மரத்தடுப்பு அடிச்சுக் குடுத்தா, நாங்க பாட்டுக்கு உள்ள தைப்பமுங்க. யாரு கண்ணுலயும் படமாட்டமுங்க."

கேட்டவள் ஜெஸிந்தா. என்ன அடக்கம்! எட்மண்ட் உருகிவிட்டார். தடுப்பைச் செய்வதே பையன்களுக்குத் தச்சுப் பரீட்சையாகவும் ஆயிற்று.

(ஜெஸிந்தாவின் தோழி நசீராவைக் கதைக்கு வேண்டாமென்று இரண்டு தடவை நீக்கினேன். ஆனால் அந்தத் தடுப்பைத் தள்ள ஒருத்தி போதாது.)

4

தினமும் பையன்கள் வருமுன் இருவரும் உள்ளிருந்து தடுப்பை ஒரு சாண் வெளியே தள்ளினார்கள்.

"போதும்டி, கண்டுபுடிச்சுருவாங்க" என்றாள் நசீரா.

"உளி பெஞ்சு வரைக்குந்தான்டி."

பெஞ்சு போயிற்று. கணப்படுப்பும் போயிற்று. வராந்தாப் பெண்கள் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்துவிட்டார்கள். ஆடி மழைக்குள் தடுப்பு வாசற்படியைத் தொட்டது; பையன்கள் இழைப்புளியோடு வராந்தாவில் நடுங்கினார்கள். எழுதும் எனக்கே சிரிப்புத் தாங்காமல் ஒரு சாணை முழமாக்கிவிட்டேன்.

"பட்டறை எப்ப இத்தனூண்டு ஆச்சு?" என்று எட்மண்ட் அதட்டினார்.

"மழைக்குச் சுருங்கியிருக்குமுங்க சார்" என்றாள் நசீரா, உள்ளிருந்து.

5

முடிவு. எட்மண்ட் தடுப்பை எட்டி உதைக்கிறார்...

(வேண்டாம். சிரிப்பு செத்துவிட்டது.)

மனம் திருந்தி அழுகிறார்...

(அவரா?)

சரி. சொட்டச் சொட்ட நனைந்து, கோபமாகத்தான் வருகிறார். ஆனால் பெண்கள் இருக்கும் இடத்தில் சட்டென்று நுழைந்து பழக்கமில்லாதவர். தன் பட்டறையின் வாசலிலேயே நின்று தடுப்பைத் தட்டுகிறார்.

"உள்ள வரலாமாம்மா?"

மெஷின் நிற்கிறது. எல்லோரும் ஜெஸிந்தாவைப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. என்ன சொல்வாளென்று எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரம், மனுஷன் நடுங்குகிறார்.