கொடி படரும் கம்பி

எங்கள் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், இளஞ்சந்தனம். வீட்டை வாங்கியது நாங்கள். வெளிச்சுவரில் ஆணி அடிக்க அனுமதி தருவது குடியிருப்போர் சங்கம். சங்கச் செயலாளர் எதைக் கேட்டாலும் ஓர் உட்பிரிவைச் சொல்லி வாயை அடைப்பார். அதனால் 'உட்பிரிவு' என்றே அவருக்குப் பெயர். வைத்தது என் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார். "தினமும் தெருவுல நடக்கணும். இல்லன்னா காலு இப்படியே இறுகிப் போயிடும்" என்று பிசியோதெரபி பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். வாசலில் நான்கு படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. போன தடவை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிகள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். திரும்பி வந்தவர் சுவர்ப் பக்கமாகப் படுத்துக்கொண்டார்.

"இனிமே என்னைத் தூக்கறதுன்னா ஒரேயடியா தூக்குங்க."

இருபத்தாறு வருஷம் ஊரையே "கம்பியைப் பிடி, கம்பியைப் பிடி" என்று விரட்டிய மனுஷனுக்குப் பிடிக்க ஒரு கம்பி இல்லை.

'வாசல் படிக்குக் கைப்பிடி வைக்க அனுமதி வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் பதில் வந்தது: 'தெருவைப் பார்த்துக் கைப்பிடிச் சுவர் எழுப்ப அனுமதி இல்லை.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனேன்.

"சார், நான் கேட்டது கைப்பிடி. சுவர் இல்ல. வெறும் பைப்பு."

"பட்டியல்ல கைப்பிடின்னு தேடினா கைப்பிடிச் சுவர்தாம்மா வருது."

"அப்போ மீன் தொட்டி கேட்டா மீன் மார்க்கெட்டுன்னு எழுதுவீங்களா?"

"மீன் தொட்டிக்குத் தனி உட்பிரிவு இருக்கு" என்றார், சிரிக்காமல்.

"சரி, கைப்பிடியையும் பட்டியல்ல சேத்துடுங்க."

"பொதுக்குழு கூடணும். ஏழு மாசம் ஆகும்."

"அதுக்குள்ள அவர் காலு போயிடும் சார்."

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

எல்லாருக்கும் இடுப்பு உடையப் போகிறது என்று அவருக்கு யார் சொன்னார்களோ! பல்லைக் கடித்துக்கொண்டு விதிப்புத்தகத்தை வாங்கி வந்து இரண்டு நாள் படித்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. கடைசிப் பக்கத்தில் 'அனுமதி தேவையில்லாதவை' என்று மூன்றே மூன்று: பூந்தொட்டி, கால்மிதி, கொடி படரும் கம்பி. கம்பி மூன்றடிக்கு மேல் போகக் கூடாது. முப்பது நாளில் அதில் கொடி படர்ந்திருக்க வேண்டும். ஆக, மனுஷன் பிடிக்கத்தான் கூடாது, அவரைக்கொடி தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

மறுநாளே வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன்.

"கொடிக்கு எதுக்கும்மா இவ்வளவு கனமான பைப்பு?" என்று கேட்டவர், வாக்கரைப் பிடித்தபடி ஜன்னலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். உடனே டேப்பை எடுத்துப் படியை அளக்க ஆரம்பித்தார். நான்கு படிக்கும் பக்கவாட்டில் குழி தோண்டி, கான்கிரீட் போட்டு இறுக்கினார். உயரம் இரண்டே முக்கால் அடி, நிறம் இளஞ்சந்தனம். அடியில் ஒரு தொட்டி வைத்து அவரை விதை போட்டேன்.

வீட்டுக்காரர் முதல் வாரம் ஒரு படி இறங்கி ஏறினார். இரண்டாம் வாரம் இரண்டு. மூன்றாவது படிக்கு நான் பின்னாலேயே நிற்க வேண்டியிருந்தது. நாலாவதைப் பார்த்தாலே அவருக்கு வேர்த்துவிடும். விதைதான் முளைக்கவில்லை. இறங்குகிற போதெல்லாம் ஆசை ஆசையாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியே அதை அழுக வைத்துவிட்டார்.

முப்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு உட்பிரிவு வந்துவிட்டார். கையில் டேப், கக்கத்தில் புத்தகம். உயரத்தை அளந்தார், சரியாக இருந்தது. நிறத்துக்கு அட்டையை வைத்துப் பார்த்தார், அதுவும் சரி. பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"கொடி எங்கம்மா?"

கம்பியைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்காரர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

கதவு திறந்தது. வீட்டுக்காரர் வந்து கம்பியைப் பிடித்தார். முதல் படி. இரண்டாவது. மூன்றாவதில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். நான் பின்னால் போய் நிற்கவில்லை. நாலாவதில் காலை ஊன்றி நிமிர்ந்தார்.

"நாந்தான் சார் கொடி" என்றார். "கொஞ்சம் மெதுவாப் படர்றேன்."

உட்பிரிவு புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். கொடி என்றால் செடிதான் என்று எந்த உட்பிரிவிலும் இல்லை. பேனாவை எடுத்து, ஆய்வுப் படிவத்தில் 'கொடி' என்று இருந்த கட்டத்தில் 'படர்கிறது' என்று எழுதினார்.

படியை மறித்து நின்ற அவரைப் பார்த்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"படியில நிக்காதீங்க சார். வழி விடுங்க."

உட்பிரிவு விலகினார். வீட்டுக்காரர் தெருவுக்குப் போனார்.